சைக்கிளில் வந்த சூப்பிரண்டு அம்மா

அன்று காலை எங்கள் அலுவலக மாடி ஜன்னலில் ஒரே நேரத்தில் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. கீழே, வாசல் கேட்டைத் தாண்டி ஒரு சைக்கிள் உள்ளே வந்துகொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்குமே, முன்னால் கம்பிக்கூடை வைத்த அந்தச் சைக்கிள். ஓட்டிக்கொண்டு வந்ததுதான் பதினொன்றாம் வகுப்பு இல்லை. ஐம்பத்தைந்தைத் தொடப்போகிற எங்கள் சூப்பிரண்டு அம்மா. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். மூக்குக்கண்ணாடி வேர்வையில் நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைத் தள்ளிவிட ஒரு கையை எடுக்கத் தைரியம் இல்லாமல், கண்ணாடி விழாதபடி முகத்தை வானத்துக்கு நிமிர்த்திக்கொண்டே வந்தார். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை. நேராக வேப்பமரம் வரை போய், மரத்தில் ஒரு காலை ஊன்றி நிறுத்தினார். பிறகு மேலே பார்த்தார். ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் மறைந்துவிட்டன. என் தலை மட்டும் மாட்டிக்கொண்டது. எனக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். "ஏட்டி, அங்கன நின்னு என்ன பாக்க? இறங்கி வந்து இந்த ஸ்டாண்டைப் போட்டுக் குடு. எனக்கு வர மாட்டேங்கு" என்றார்.

நான் அப்போது சங்கரன்கோவிலில் இளநிலை உதவியாளர். பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். என் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். ஆனால் அந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பியூனிலிருந்து வாசலில் மனு எழுதுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டு அம்மாதான். கோப்பில் தப்பு கண்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். திட்டவே மாட்டார். அந்தப் பார்வைக்குத் திட்டே பரவாயில்லை என்றிருக்கும். மற்றபடி ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் முதல் கரண்டி எனக்குத்தான்.

அவரை இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் காலையில் கொண்டுவந்து விட்டதும், சாயங்காலம் வந்து கூட்டிப்போனதும் அவருடைய வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊருக்கே கணக்கு சார். கணக்கு சாரைப் போல நல்ல மனிதரைப் பார்ப்பது அபூர்வம். அவரைப் போல மெதுவாக மோட்டார் பைக் ஓட்டுகிறவரைப் பார்ப்பதும் அபூர்வம். பால்காரர்களின் சைக்கிள் அவரை மணியடித்து முந்திக்கொண்டு போகும். அதுகூடப் பரவாயில்லை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ரோட்டில் எவன் கையைத் தூக்கி வணக்கம் வைத்தாலும் சார் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். நாற்பது வயதுக்காரனிடம் நின்று, "பத்தாப்புல கணக்குல எவ்வளவுலே வாங்குன?" என்று விசாரிப்பார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வான். விசைத்தறி முதலாளி ஒருவர் ஜவுளிப் பொதியோடு போகும் வேனை நிறுத்தி இறங்கி வந்து தன் மார்க்கைச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் சூப்பிரண்டு அம்மா பின் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடியில் சாப்பாட்டுப் பையோடு, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பழைய காலத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. வருகைப் பதிவேடு அம்மாவின் மேஜை மேலேயே இருந்தது. பிறகு விரல் வைக்கிற மிஷின் வந்தது. அதன் கூடவே ஒரு புது அதிகாரியும் வந்தார். மிஷினாவது சில நாள் வேலை செய்யாமல் நமக்கு ஒத்தாசை செய்யும், இவர் ஒரு நாளும் ஓய மாட்டார். வந்த வாரத்திலேயே எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசியில் தாமதமாக வந்தவர்கள் என்று யார் பேர் வருகிறதோ, அவர்களுடைய நீண்ட விடுப்புக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார். எங்களுக்கு அது ஒரு மிரட்டல், அவ்வளவுதான். சூப்பிரண்டு அம்மாவுக்கோ இடி. அவருடைய ஒரே மகள் சென்னையில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால் டாக்டர் படுத்தே இருக்க வேண்டும், ரயிலோ காரோ எதிலும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளை வர முடியாதென்றால் தாய்தான் போக வேண்டும். பிரசவ மாதத்துக்கு ஒரு மாத விடுப்பு வேண்டும். அது கிடைக்க வேண்டுமானால் அதுவரை ஒரு நாள் தவறாமல் நேரத்துக்கு மிஷினில் விரல் வைக்க வேண்டும். முதல் மாதமே அவர் பேர் கொட்டை எழுத்தில் வந்தது. இன்னொரு முறை வந்தால் விடுப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் அதிகாரி.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் பையைத் திறக்காமல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பஸ் அவர் வீட்டுப் பக்கம் ஒழுங்கான நேரத்துக்கு வராது. தினமும் ஆட்டோ என்றால் ஆட்டோக்காரரும் சாரின் பழைய மாணவர். சாரின் வீட்டு வாசலிலேயே அரைமணி நேரம் நின்று பேசுவார். கடைசியில், "எங்க வீட்டு மாட்டுக் கொட்டாய்ல பிள்ளையோட சைக்கிள் கெடக்கு" என்றார். சின்ன வயதில் ஓட்டிய பழக்கம் இருந்ததாம். மறந்திருக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு வாரம் சாயங்காலம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எங்கள் அலுவலக வளாகத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எங்கள் ஊரில் ஆடித்தபசுக்கு வேண்டிக்கொண்டு கோயிலை ஆடிச்சுற்று சுற்றுவார்கள். வாசலில் மனு எழுதுகிறவர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்த வருஷம் ஆடிச்சுத்து இங்கனயேவா?" என்று கேட்டார். சூப்பிரண்டு அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் பேலன்ஸ் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

நேரம் பிரச்சினை மறுநாளே தீர்ந்துவிட்டது. மிஷின் தூங்கி எழுவதற்கு முன்னாலேயே வந்து விரலோடு காத்திருப்பார். சைக்கிளில் போகிறவரை நிறுத்திப் பேச யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அவருக்கு நிறுத்தத் தெரியாது. ஆனால் அவர் எதிர்பார்க்காத லாபங்கள் வேறு இருந்தன. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உள்ளே வரும்போதே ஏதோ புதையலைக் கண்டவர் மாதிரி, "ஏட்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி இடது கைப்பக்கம் ஒரு பஜ்ஜிக் கடை இருக்குதுடி, தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கடை நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருக்கிறது. "தெரியாம எப்படிம்மா இருந்தீங்க?" என்றேன். அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடது பக்கம் மட்டும்தான் தெரியும். காலையில் ஆபீஸ் வரும்போது ஒரு வரிசைக் கடைகள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எதிர் வரிசைக் கடைகள். பஜ்ஜிக் கடை காலை வரிசையில் இருக்கிறது, ஆனால் சாயங்காலம்தான் திறப்பார்கள். இருபத்தைந்து வருடமும் அவர் அதை இழுத்து மூடிய தகரக் கதவாகவே பார்த்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முன்னால என்ன வருதுன்னு நான் பாத்ததே கிடையாதுல்லா. அவுக சட்டைக் காலர்தான் தெரியும்" என்றார். எனக்கு அந்த வார்த்தை ஒரு மாதிரி இருந்தது. அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையிடம் பைக் இருக்கிறதா என்று எங்கள் அப்பா விசாரித்தது எனக்கு நல்ல செய்தியாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அது அவ்வளவு நல்ல செய்திதானா என்று யோசித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

அந்த மாதம் அலுவலகத்தில் யாரும் பசியோடு இருக்கவில்லை. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஒரு நடை போய்ப் பஜ்ஜி வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். பஜ்ஜி விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வையைப் பார்த்தார். படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்கிற பழக்கம் போயே போய்விட்டது. மதியம் சாப்பிட்டதும் கோப்பு மேல் தலை சாய்கிற பழக்கமும் போய்விட்டது. இந்தக் கடைசி லாபத்தால் எனக்குத்தான் நஷ்டம். அவர் தூங்குகிற நேரத்தை நம்பித்தான் நானும் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஊர் மட்டும் இதில் எந்த லாபத்தையும் பார்க்கவில்லை. முதலில் கேட்டது பூக்காரம்மா. "சார் ஊர்ல இல்லியாம்மா?" என்றார். சூப்பிரண்டு அம்மாவுக்குப் பொய் வராது. "இருக்காகளே" என்றார். "வண்டி ரிப்பேரா?" "வண்டி நல்லாத்தான் இருக்கு." பூக்காரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் ஆபத்து. வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறார், வண்டியும் நன்றாக இருக்கிறது, பெண்டாட்டி தனியாகச் சைக்கிளில் போகிறாள் என்றால், அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் முதலில் தெரிவது பைக்கின் பின் சீட்டில்தான். அவள் பஸ்ஸில் போனால் சின்னச் சண்டை. ஆட்டோவில் போனால் கொஞ்சம் பெரிய சண்டை. சைக்கிளில் போகிற அளவுக்கு இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை. அதனால் இது எவ்வளவு பெரிய சண்டையாக இருக்கும் என்று அளக்க ஆள் ஆளுக்குத் தடுமாறினார்கள்.

கணக்கு சாருக்கு எல்லோரும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "எல்லாம் சரியாயிரும் சார்" என்றார். என்ன சரியாகும் என்று சாருக்குப் புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா, சண்டை போட்ட வீட்டில் அடுப்பு எரியுமா என்று மனது கேட்காமல், தினமும் மதியத்துக்கு ஒரு தூக்குச் சட்டியில் சாம்பார் கொடுத்து அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்பாகக் கொடுக்கிறார்கள் என்று சாரும் வாங்கிச் சாப்பிட்டார். வீட்டில் வைத்துவிட்டுப் போன குழம்பு அப்படியே இருந்தது. சாயங்காலம் வந்த அம்மா, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க, சார் வெள்ளந்தியாக, "எதுத்த வீட்டு சாம்பாரு அருமையா இருந்துச்சு. பருப்பு நல்லாக் குழைஞ்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

இல்லாத சண்டையை ஊர் பேசிக்கொண்டிருந்தது. இப்போது உண்மையான சண்டை வந்தது. எந்த மனைவியும் தன் புருஷன் வாயால் கேட்கக் கூடாத பேச்சு அது. மறுநாள் அம்மா அலுவலகத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக வேப்பமரத்தில் கால் ஊன்றி நிறுத்துகிறவர் அன்று முதல் முறையாகப் பிரேக்கைச் சரியாகப் பிடித்தார். கோபத்தில்தான் பிரேக் அவருக்குப் பிடிபட்டது. சாரும் வீட்டில் பேசவில்லையாம். இரண்டு பேரும் பேசாமல் இருப்பதை எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார். செய்தி பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் இருந்த சாரின் அண்ணனுக்கு அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணாச்சி தன் மனைவியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போட்டு, மழை ஏமாற்றுகிற போதெல்லாம் வானத்தைத் திட்டிப் பழகிய குரல். பேசினால் தெருமுனை வரை கேட்கும். பஞ்சாயத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சாட்சியாக என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நான் பிரதிவாதி. "சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்தது இந்தப் பிள்ளைதானா?" என்று அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் ஆகாத பெண் சொல்லிக்கொடுத்துத்தான் கல்யாணம் ஆனவள் கெட்டுப்போனாள் என்பது அவருடைய முடிவு. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது மட்டும்தான் என் பங்கு என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. உள்ளே மட்டன் பிரியாணி பொட்டலங்கள் வாழை இலை வாசனையோடு வந்து இறங்கியிருந்தன. எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்துப் பேச வருகிறவர்கள் பிரியாணி சாப்பிடாமல் திரும்பினால் அந்தப் பஞ்சாயத்து செல்லாது.

"ஏலே, நேராச் சொல்லு. உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன?" என்று அண்ணாச்சி தம்பியிடம் ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாமயா வீட்டுப் பொம்பள சைக்கிள எடுத்துக்கிட்டுப் போவுதா? ஊரு பூரா சிரிக்கு. நம்ம வீட்டுல ஒரு பைக்குக்கு வழியில்லையா?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நாளையிலிருந்து சைக்கிள் மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டும். சாயங்காலம் இரண்டு பேரும் பைக்கில் ஒன்றாக உட்கார்ந்து, நாலு ரத வீதியையும் ஒரு சுற்று சுற்றிக் கோயில் வாசலில் எல்லோரும் பார்க்கும்படி இறங்க வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தால் ஊர் வாய் அடங்கிவிடும். அவர் மனைவி, மல்லிகைப்பூ கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு போனால் நல்லது என்று ஒரு திருத்தம் சொன்னார்.

சூப்பிரண்டு அம்மா அதுவரை அடுக்களைக் கதவோரம் நின்றிருந்தார். அலுவலகத்தில் நாங்கள் நடுங்குகிற அந்தப் பார்வை வீட்டில் அவரிடம் இல்லை. அண்ணாச்சியைப் பார்த்து மெல்லத்தான் பேசினார். "அத்தான், பூ வச்சிக்கிட்டு எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்துதேன். ஆனா காலைல சைக்கிள்ல போனாத்தான் நேரத்துக்குப் போக முடியும். நேரத்துக்குப் போனாத்தான் லீவு. லீவு கிடைச்சாத்தான் எம்பிள்ளகிட்ட நான் இருக்க முடியும். அவ அங்கன பகல் பூரா தனியாக் கெடக்கா. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருதாரு, ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல. சைக்கிள விடுன்னு சொன்னா, எனக்கு அது பிள்ளைய விடுன்னு சொல்லுத மாதிரி இருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.  அண்ணாச்சி இருமினார். மிளகாய்ப் பொடி நெடியில் வந்த இருமல் இல்லை அது.

"அப்ப தம்பி சீக்கிரமாக் கிளம்பட்டும்" என்றார் அவர், கொஞ்சம் இறங்கி வந்து.

"நான் சீக்கிரந்தான்ண்ணே கிளம்புதேன். ரோட்டுல பயலுக மறிக்கானுவல்லா. நிக்காமப் போனா மனசு சங்கடப்படுவானுவ."

"அப்படின்னா உனக்கு என்னதான்லே குறை? அவ சைக்கிள்ல போறதுல உனக்குச் சங்கடமா, சந்தோசமா? அதையாவது சொல்லித் தொலை."

கணக்கு சார் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். போர்டில் கணக்கு வராத பையன் மாதிரி நின்றார். பிறகு, "எனக்கு ஒரு குறையும் இல்லண்ணே. அவ நல்லா ஓட்டுதா. ஆனா அவ சைக்கிள்ல போயிட்டா, காலைல எந்திரிச்சு நான் எதுக்குச் சட்டை போடணும்?" என்றார்.

 பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கப் போன அண்ணாச்சியின் மனைவி கையை எடுத்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மனிதருக்குக் காலையில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை இருந்தது. ரோட்டில் நாலு பேர் வணக்கம் வைத்தது அந்த வேலையால்தான். சைக்கிள் வந்து அதைக் கொண்டுபோய்விட்டது என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. மனைவியோடு அவருக்குப் பகையும் இல்லை, ஊர் சிரிக்கிறதே என்ற வெட்கமும் இல்லை. ஒரு மாதமாக அவர் பனியனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சூப்பிரண்டு அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடி மெல்ல நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அதற்கு மேலாக அந்தப் பார்வை வந்தது, எங்கள் கோப்பில் நாங்கள் யாரும் பார்க்காத தப்பைக் கண்டுபிடிக்கிறபோது வருமே, அது. "ஏங்க, எனக்கு ஒரு மாசம் லீவு வேணும்னுதானே இத்தனை பாடு படுதேன்? உங்களுக்கு எம்புட்டு லீவு இருக்கு?" என்று கேட்டார்.

சாருக்குக் கேள்வி புரியவில்லை. அம்மா விடவில்லை. "நான் போறதுக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுவரைக்கும் அவ தனியா இருக்கா. நாளைக்கே ரயிலேறுங்க. சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க. மகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுக்க ஆளு வேணும்."

அண்ணாச்சி துள்ளி எழுந்துவிட்டார். பிரசவம் பார்க்க ஆம்பிளையை அனுப்புகிற கூத்து திருவேங்கடத்திலும் இல்லை, சங்கரன்கோவிலிலும் இல்லை என்றார். சார் பயந்துபோய், "எனக்குச் சோறு வடிக்கவே தெரியாதே" என்றார். "கத்துக்கிடுங்க. இந்த வயசுல நான் சைக்கிள் கத்துக்கிடலையா?" என்றார் அம்மா. துள்ளி எழுந்த அண்ணாச்சி திரும்ப உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக லீவு லீவு என்று ஓர் அம்மா அல்லாடிக்கொண்டிருக்க, ஆயுசுக்கும் லீவு உள்ள ஒரு அப்பா எதிர்வீட்டு சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இது ஒருவருக்கும் தோன்றாமல் போனதற்கு, நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. அதற்குப் பிறகு பிரியாணி சாப்பிட்டோம். கறித்துண்டு கூடுதலாக இருந்த பொட்டலம் என் பங்குக்கு வந்தது. வழக்கிலிருந்து விடுதலை ஆகிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்கு சார் சென்னைக்கு ரயிலேறினார். அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் காலை நேரம் முழுக்க சமையல் வகுப்புதான். அம்மா காதில் போனை வைத்துக்கொண்டு கோப்பு பார்ப்பார். "ஒரு கைப்பிடின்னா எந்தக் கை? உன் கையா, என் கையா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது எங்களுக்கும் கேட்கும். புளி எலுமிச்சை அளவு என்றால் நாட்டு எலுமிச்சையா என்பார். தாளிப்பதற்குக் கடுகு வெடிக்கிற வரை என்று சொன்னால், எல்லாக் கடுகுமா, பாதிக் கடுகா என்று தெளிவு வேண்டும். ஒரு மாதத்தில் அவர் ரசத்தை ஒரு சூத்திரமாகவே ஆக்கிவிட்டார். மகள் அம்மாவிடம் போனில், அப்பா ரசம் உன் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னாளாம். அந்த முறை அம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

மாதக் கடைசிப் பட்டியலில் அவர் பேர் அதன் பிறகு வரவே இல்லை. அதிகாரி ஒரு வார்த்தை சொல்லாமல் விடுப்பில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தச் சைக்கிள் என்ன விலை என்று என்னிடம் தனியாக விசாரித்தார். அவருக்கும் சர்க்கரை இருந்திருக்கும். பெண் குழந்தை பிறந்தது. அம்மா பக்கத்தில் இருந்தார். அவர் ஆசைப்பட்டது நடந்தது. மாதம் முடிந்து திரும்பி வந்து, மறுநாள் காலை சரியான நேரத்துக்கு மிஷினில் விரல் வைத்தார். கணக்கு சார் மட்டும் திரும்பி வரவில்லை. மகள் வேலைக்குப் போக வேண்டும், பேத்திக்கு இவர் மடியில்தான் தூக்கம் வருகிறதாம். கொஞ்ச நாள் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

பூக்காரம்மாவும் எதிர்வீட்டு அம்மாவும் முடிதிருத்தும் கடைக்காரரும் ஒருவழியாக நிம்மதி அடைந்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்லா. சைக்கிள்ல ஏறுன அன்னைக்கே தெரியும். சார் ஊரைவிட்டே போயிட்டாரு பாத்தியா" என்று பேசிக்கொண்டார்கள். திருவேங்கடத்து அண்ணாச்சி எங்கேயாவது நின்று இல்லை என்று சொல்லிப் பார்ப்பார். தம்பிக்காக மறைக்கிறார் என்று இன்னும் உறுதியாக நம்பினார்கள். சூப்பிரண்டு அம்மா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச நிற்க வேண்டும், நின்றால் நேரமாகிவிடும்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். காலையில் பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சிக்னலில் நகராத வண்டிகளை எண்ணிக்கொண்டு அலுவலகம் போகிறேன். பைக் வைத்திருந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன். அவர் என்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அம்மாவிடம் அவ்வப்போது போனில் பேசுவேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். எங்கே இருக்கிறீர்கள் என்றேன். கழுகுமலை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிற்கிறேன் என்றார். ஆபீஸ் லீவு நாளில் இந்த வெயிலில் அங்கே என்ன வேலை என்று திட்டினேன். அவரைத் திட்டுகிற தைரியம் இப்போதுதான் எனக்கு வந்திருக்கிறது.

"வேலை ஒண்ணுமில்லடி" என்றார். பக்கத்தில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. "வீட்டுல இருந்தா அவுக இல்லாதது தெரியுது. எந்தப் பக்கம் திரும்புனாலும் தெரியுது. சைக்கிள்ல ஏறி மிதிச்சா அம்புட்டாத் தெரியல. அதனால ஞாயித்துக்கிழமையும் ஏறிருதேன்."